எந்த மாதம் வரலாம் என்று கேட்டிருந்தாய்

துர்மிட்டோர் மலையடி,
அக்டோபர் 21

என் அன்பு மகள் நெவேனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், பசுக்கள் இரண்டும் கன்றும் நலம், உன் அப்பா முக்கால்வாசி நலம், மீதிக் கால்வாசியைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை ரஸ்முஸும் அந்தத் தட்டையான டென்மார்க்கில் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டியதை அம்மா எதற்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். காது மந்தமானதிலிருந்து உன் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைக்கு நடுவில் வைத்துவிடுகிறார், அதற்குப் பிறகு இந்த வீட்டில் ரகசியம் ஏது. இன்றைக்குப் பலகை வாங்குகிறேன் என்று மரம் அறுக்கும் ஆலைக்குப் போயிருக்கிறார். அங்கே போனால் நாலு பேரிடம் வாய் கொடுத்துவிட்டுத்தான் வருவார், எனக்கு மூன்று மணி நேரம் கிடைக்கும். அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருக்கிறது, கையெழுத்து நடுவில் கோணலானால் கிண்டப் போனேன் என்று புரிந்துகொள்.

மலைக்கு வர நல்ல பருவம் எது, ரஸ்முஸுக்குப் பத்து நாள் லீவு கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். கம்ப்யூட்டரில் பார்த்து ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை என்று அவன் கண்டுபிடித்து வைத்திருக்கிறானாம். நல்ல பிள்ளை, எதையும் விசாரித்துத்தான் செய்வான் போலிருக்கிறது. ஆனால் உன் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் ஒரு மாதிரி ஆனது. ஆகஸ்டில் நம் வேலி ஓரம் ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து நின்று இதே கேள்வியைத்தான் போனில் மொழிபெயர்த்துக் காட்டினார். செப்டம்பர் என்று சொன்னேன். ஏன் தெரியுமா, அப்போதுதான் அவர் கிளம்பிப் போவார். உனக்கு அப்படிச் சொல்ல முடியுமா. நீ இங்கே பிறந்து, இந்தப் பனியில் சறுக்கிப் பல்லை உடைத்துக்கொண்டவள். அதனால் மாதம் மாதமாக யோசித்து உண்மையைச் சொல்கிறேன், பிறகு உன் இஷ்டம்.

ஏப்ரலில் வராதே. கீழே நிக்ஷிச்சில் மரமெல்லாம் பூத்திருக்கும், அதை நம்பி ஏறி வந்தால் இங்கே முழங்கால் அளவுக்குச் சேறு. பனி உருகுகிற தண்ணீர் போன வருஷம் மாட்டுக் கொட்டகைக்குள் வந்துவிட்டது, பெரிய பசு ஷாருல்யா குளம்பைத் தூக்கித் தூக்கி வைத்துப் பட்டணத்துச் சீமாட்டி மாதிரி நடந்தாள். போட்டோவில் ரஸ்முஸ் வெள்ளை ஷூ போட்டிருக்கிறான், அதைக் கழற்றும்போது கறுப்பாகத்தான் கழற்றுவான். மே மாதம் பரவாயில்லை, புல் முளைக்கும், ஆனால் சிகரங்களில் பனி இருக்கும், மேலே ஏற விடமாட்டார்கள், அவன் ஆசைப்படுவது மேலே ஏறத்தானே. ஜூன் அழகு, அதில் பொய் சொல்ல மாட்டேன். புல்வெளி முழுக்கப் பூ, அறுப்புக்கு முந்தின இரண்டு வாரம் எனக்கே வேலை செய்ய மனசு வராது. ஆனால் ஜூனில் உன் அப்பா வீட்டில் இருப்பதில்லை, மேலே மேய்ச்சல் குடிலைச் சரி பார்க்கிறேன் என்று போய் அங்கேயே படுத்துவிடுவார். இந்த வருஷம் ஆபரேஷன் ஆன இடுப்பை வைத்துக்கொண்டும் போனார், நான் எத்தனை சொல்லியும் கேட்கவில்லை.

ஜூலையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா. மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ தனியாக வந்தபோது ஜூலைதான். ஆறு நாள் இருந்தாய், ஆறு நாளும் வெயில் அடித்தது, வெயில் அடித்தால் வைக்கோல், நாம் மூன்று பேரும் கையில் வாருகோலோடு மூன்று பக்கம் நின்றோம். உன்னோடு உட்கார்ந்து ஒரு காபி முழுசாகக் குடித்தேனா என்று பிறகு யோசித்துப் பார்த்தேன், இல்லை. ஆகஸ்டில் கறுப்பு ஏரியைச் சுற்றி ஏரியைவிடக் கார் அதிகம். நம் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். செப்டம்பர் எல்லாரும் சொல்கிற மாதிரி நல்லதுதான். காற்றைக் குடிக்கலாம் போல இருக்கும், காளான் கிடைக்கும், உருளைக்கிழங்கு தோண்டிச் சாம்பலில் சுட்டுச் சாப்பிடலாம், பாலாடை கெட்டியாக இருக்கும். பிரெஞ்சுக்காரரிடம் நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் இந்த வருஷச் செப்டம்பர் போய்விட்டது, அடுத்ததற்குப் பதினோரு மாதம் இருக்கிறது. பதினோரு மாதத்தில் என்னென்ன நடக்குமோ என்று இந்த வயதில் ஒரு பயம் வருகிறது, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

அக்டோபரில் மழை, நவம்பரில் மூடுபனி, முட்டைக்கோஸ் பீப்பாய் நாற்றம், வேறொன்றும் இல்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை சறுக்கு விளையாட்டுக்காரர்கள் வருவார்கள், பாட்டும் கூத்தும். ஆக, மிச்சம் ஒரே ஒரு மாதம். அதைப் பற்றி நான் எழுத மாட்டேன். எழுதக் கூடாது. உனக்குத் தெரியும் ஏன் என்று.

சரி, உனக்குத் தெரியும், ரஸ்முஸுக்குத் தெரியாதே, அவனுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புனிதர், அவருக்கு ஒரு நாள், அந்த நாள்தான் அந்த வீட்டின் ஸ்லாவா. நமக்கு நிக்கோலா, டிசம்பர் பத்தொன்பது. அன்றைக்கு மெழுகுவத்தி ஏற்றி, ரொட்டி வெட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு. கல்யாணத்துக்கு அழைக்கலாம், ஞானஸ்நானத்துக்கு அழைக்கலாம், ஸ்லாவாவுக்கு மட்டும் யாரையும் அழைக்கக் கூடாது. நம் வீட்டை நினைக்கிறவன் தானாக வருவான், அவ்வளவுதான். வா என்று ஒரு வார்த்தை சொன்னாலே அந்த நாளுக்கு மதிப்புப் போச்சு. வருவாயா என்று கேட்பதும் அதே கதைதான். நாற்பத்தொரு வருஷமாக உன் அப்பா யாரையும் கூப்பிட்டதில்லை, நாற்பத்தொரு வருஷமாக வீடு நிறைந்துதான் இருந்தது.

இப்போது போன நவம்பர் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இத்தனை மாதத்தைச் சுற்றி வந்தேன். நீ போன் செய்தாய், அப்பா எடுத்தார். ரஸ்முஸ் கூச்சப்படறான், எங்க ஊர்ல அழைக்காம யார் வீட்டுக்கும் போக மாட்டாங்க, அதனால ஸ்லாவாவுக்கு எங்களைக் கூப்பிடறீங்களாப்பா, கூப்பிட்டா டிக்கெட் போடறோம் என்று கேட்டாய். அவர் ஒன்றும் பேசாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். அப்பாவுக்கு ரஸ்முஸைப் பிடிக்கலையாம்மா, கோயில்ல கல்யாணம் பண்ணாதது கோபமா என்று உன் குரல் சின்னதாகிக் கேட்டது. நான் என்ன சொன்னேன். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்கார்டி என்றேன். அது பொய், நெவேனா. மாடு தண்ணீர் குடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ ஒரு வருஷம் மனசுக்குள் வைத்துக்கொண்டு, டிசம்பர் என்ற பேச்சையே எடுக்காமல், எந்தப் பருவம் நல்லது என்று டூரிஸ்ட் மாதிரி கேட்டு எழுதியிருக்க மாட்டாய். தப்பு என்னுடையது, அவருடையது இல்லை.

உன்னோடு பேசி முடித்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். ஷாருல்யாவின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். சண்டை பிடிக்கத்தான் போனேன், பிள்ளைகிட்ட வாயத் தெறந்து ஒரு வார்த்தை பேசினா என்ன என்று ஆரம்பித்தேன். அவர் திரும்பாமலே சொன்னார், நம்ம பொண்ணு நம்ம வீட்டுக்கு வர்றதுக்கு என்கிட்ட அழைப்பு கேக்கறா மிலுங்கா, அவள விருந்தாளி ஆக்கற மாதிரி நான் என்ன பண்ணிட்டேன்னு சொல்லு. அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சண்டை மறந்துபோனது. ரஸ்முஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோயிலைப் பற்றி இல்லை. நீ கேட்டது அவருக்கு அப்படிப் பட்டது, அவர் வாயடைத்தது உனக்கு இப்படிப் பட்டது, நடுவில் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். நீயும் அவரும் ஒரே அச்சு, இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டீர்கள், பெற்றவளுக்குத்தான் வேலை.

அவருடைய மீதிக் கால்வாசி என்று சொன்னேனே, அது இந்த இடுப்பு. மார்ச்சில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று போனில் சொன்னோம், முடிந்தது உண்மைதான். ஆனால் டாக்டர் அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். உனக்குச் சொல்லாதே என்று எனக்கு உத்தரவு. ஸ்லாவா அன்று வீட்டுத் தலைவர் உட்காரக் கூடாது என்று ரஸ்முஸுக்குச் சொல்லு. காலையில் பாதிரியார் வந்ததிலிருந்து கடைசி விருந்தாளி எழுந்து போகிற வரைக்கும் அவர் நிற்க வேண்டும், ஊற்ற வேண்டும், பரிமாற வேண்டும், வருகிற ஒவ்வொருவரையும் வாசலில் எதிர்கொள்ள வேண்டும். போன வருஷம் ஆபரேஷனுக்கு முன்னாலேயே அந்த வலியோடு அப்படித்தான் நின்றார். கதவு நிலையில் சாய்ந்துகொண்டார், சாய்ந்ததை யாரும் பார்க்காமல் இருக்கக் கையில் ஒரு தட்டை வைத்துக்கொண்டார். எல்லாரும் போன பிறகு குனிந்து ஷூவைக் கழற்ற முடியவில்லை, நான்தான் கழற்றினேன், பாதம் இரண்டும் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. எனக்குத்தான் அழுகை வந்தது. மகன் இருந்தால் மகன் நிற்பான், நமக்கு மகன் இல்லை என்பதை இந்த மலைச்சரிவில் எனக்கு ஞாபகப்படுத்தாத ஆள் கிடையாது. இந்த வருஷம் எப்படி என்று கேட்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. நிற்க முடியாவிட்டால் மெழுகுவத்தி ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அவர் ஏற்றாவிட்டால் இந்த வீட்டில் அப்புறம் ஏற்றுவதற்கு யார்.

ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது. பக்கத்து வீட்டு தோமாஷ் விறகு அடுக்க உதவிக்கு வந்திருந்தார். அவரைத் தெரியுமே, நல்ல மனுஷர், வாய்தான் கொஞ்சம் நீளம். அவர்கள் வீட்டு ஸ்லாவா மே மாதம், அதனால் டிசம்பரில் அவருக்கு வேலை இல்லை. அப்பா ஒரு கட்டையைத் தூக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, ஓப்ரென், இந்த வருஷம் நீ மேசைத் தலைமாட்டுல ராசா மாதிரி உக்காரு, உனக்குப் பதிலா நான் நிக்கறேன், எனக்கென்ன காலு ரெண்டும் நல்லாத்தான இருக்கு என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அப்பா கட்டையைக் கீழே வைத்தார். எங்க வீட்டுல நிக்க ஆள் இருக்கு என்றார். யாருப்பா அது, எனக்குத் தெரியாம என்று தோமாஷ் சிரிக்க, என் பொண்ணு என்றார் அப்பா. நான் ஜன்னலுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

தோமாஷ் விடுவாரா. ஏம்பா, பொம்பளப் பிள்ள ஸ்லாவாவுக்கு நின்னு நான் பாத்ததே இல்லியே, அதுவும் கட்டிக்கொடுத்த பொண்ணு, அவளுக்கு இனிமே புருஷன் வீட்டுப் புனிதர்தான என்றார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நீ பாக்காதது எவ்வளவோ இருக்கு, அவ புருஷன் ஊர்ல வீட்டுப் புனிதரே கிடையாது, அப்ப எங்க நிக்கோலா அவளுக்கும் புனிதர்தான், பாக்கலேன்னா பத்தொன்பதாம் தேதி வந்து பாரு என்று கத்தினார். கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. தோமாஷும் திறந்த வாயை மூடவில்லை. ஓப்ரென், நீ என்னை ஸ்லாவாவுக்குக் கூப்பிட்டுட்ட என்றார். நான் கூப்பிடல என்றார் அப்பா. வந்து பாருன்னியே, அதுக்குப் பேரு என்ன என்றார் அவர். நாற்பத்தொரு வருஷம் கட்டிக் காத்த வாய், ஒரு கோபத்தில் போயிற்று. அப்பா விறகைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உள்ளே வந்து கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை, தலைத்துணி நுனியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

தோமாஷ் அன்று சாயங்காலமே சரிவு முழுக்கச் சொல்லிவிட்டார். கடையில் பார்க்கிறவன் எல்லாம் அப்பாவிடம், எங்களுக்கு அழைப்பு இல்லியா ஓப்ரென், தோமாஷுக்கு மட்டும்தானா என்று கேட்கிறான். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறார். ஆனால் ஒன்று கவனித்தேன், கேலி செய்கிறவர்களிடம் கூப்பிடவில்லை என்றுதான் சண்டை போடுகிறாரே தவிர, பொண்ணு நிற்பாள் என்று சொன்னதை ஒருவரிடமும் மாற்றிச் சொல்லவில்லை. நேற்று பாதிரியார் வழியில் நின்று விசாரித்தபோதுகூட மாற்றவில்லை. பாதிரியார் தாடியைத் தடவிக்கொண்டு, நிக்கோலா பயணக்காரங்களுக்குப் புனிதர் ஆச்சே, தூரத்துல இருந்து வர்றவளை அவரு வேண்டாம்னு சொல்ல மாட்டாரு என்றாராம். இதை அப்பா சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இவ்வளவும் நடந்திருக்கிறது, உன்னிடம் மட்டும் சொல்ல மாட்டாராம். தோமாஷ் வந்துபோன மறுநாளே, ஒரு போன் பண்ணுங்களேன் என்றேன். கூப்பிட்டு வந்தா அது ஸ்லாவா இல்ல என்கிறார். தோமாஷைக் கூப்பிட்டீங்களே என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அதனால் நானும் உன்னைக் கூப்பிடவில்லை, நெவேனா. நன்றாகக் கேட்டுக்கொள், இந்தக் கடிதத்தில் வா என்று ஒரு இடத்திலும் நான் எழுதவில்லை, தேடிப் பார்த்தாலும் கிடைக்காது. சும்மா ஊர்ச் செய்தி சில எழுதுகிறேன். பனி தள்ளுகிற வண்டி இந்த வருஷம் மரம் அறுக்கும் ஆலை வரைக்கும் காலை ஆறு மணிக்கே வந்துவிடும் என்று சொல்கிறார்கள். பொட்கொரிட்சா விமான நிலையத்திலிருந்து ஏறி வருகிறவர்கள் சக்கரத்துக்குச் சங்கிலி வைத்துக்கொள்வது நல்லது, பதினேழாம் தேதியே வந்து சேர்ந்துவிட்டால் அதைவிட நல்லது, பதினெட்டில் எப்போதும் பெரிய பனி விழும். ஆலையிலிருந்து நம் வீடு வரை குதிரை வண்டிதான், தோமாஷின் குதிரை சும்மாதான் நிற்கும், அவருக்கும் பார்க்க ஆசை. அன்று நோன்பு நாள், இறைச்சி, வெண்ணெய், பால் எதுவும் கிடையாது, மீனும் பீன்ஸும் கிழங்கும்தான். வெண்ணெய் இல்லாமல் சாப்பிடவே தெரியாத நாட்டுக்காரர்கள் யாராவது இருந்தால் மனசைத் தயார் செய்துகொள்ளட்டும். அன்றைய இனிப்புக்குக் கோதுமை இடித்து வைத்துவிட்டேன், வால்நட் உடைக்க வேண்டும். உன் அறையில் அடுப்புக் குழாயை அப்பா போன வாரம் சுத்தம் செய்தார், ஏன் என்று நான் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று. நேற்று முட்டை தேடிக் கொட்டகைப் பரணுக்கு ஏறினேன். வைக்கோலுக்குப் பின்னால், அவருடைய கைத்தடியை ஒளித்து வைக்கிற இடத்தில், ஒரு பொட்டலம். பிரித்தால் கம்பளிச் செருப்பு, அடியில் தடித்த தோல் வைத்துத் தைத்தது, முப்பத்தெட்டு. போன மாதம் ஒரு நாள் சம்பந்தமே இல்லாமல், அவ காலு இன்னும் முப்பத்தெட்டுதானா என்று கேட்டார், நானும் ஏதோ பழைய பூட்ஸைப் பற்றி என்று நினைத்து ஆமாம் என்றேன். பொட்டலத்தை அப்படியே கட்டி வைத்துவிட்டு இறங்கி வந்தேன். மதியம் சூப் குடிக்கும்போது, நாள் முழுக்க நிக்கறவங்களுக்குக் காலு குளிரக் கூடாது மிலுங்கா என்று பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார். நானும் பொதுவாக ஆமாம் என்றேன்.

தோமாஷின் குதிரைச் சத்தம் கேட்கிறது, அதன் வண்டியில் அப்பா வந்துவிட்டார் போலிருக்கிறது, முடிக்கிறேன். குளிரில் தலையை மூடாமல் சைக்கிளில் போகாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. கடவுளும் நம் நிக்கோலாவும் உன்னையும் உன் வீட்டுக்காரனையும் வழியிலும் வாசலிலும் காக்கட்டும், என் ஆயுசில் பாதியை உங்களுக்குத் தரட்டும். மறக்காமல் ஒரே ஒரு காரியம் செய். அடுத்த முறை போன் பண்ணும்போது, பேச்சோடு பேச்சாக, ரஸ்முஸின் கால் அளவு என்ன என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிடு. அந்தச் செருப்பைத் தைத்த சந்தைக்காரன் இன்னொரு ஜோடிக்குக் கம்பளி எடுத்து வைத்திருக்கிறானாம், அளவு தெரியாமல் உன் அப்பா மூன்று வாரமாக அவனுக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன்னைக் கூப்பிடாத அம்மா,
மிலுங்கா